மஞ்சள் கரிசலாங்கண்ணி: நடுவதற்கு முன்னால் இலையைத் தடவிப் பாருங்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று வருடமாக நான் ஆசை ஆசையாக வளர்த்தது மஞ்சள் கரிசலாங்கண்ணியே இல்லை. கண்டுபிடித்தவர் என் மாமியார். கண்புரை அறுவை முடிந்து லென்ஸ் வைத்த பதினைந்தாம் நாள் கொல்லைப் பக்கம் வந்து நின்றார். மதில் ஓரம் முழுக்கப் பச்சைப் பசேலென்று படர்ந்து, மேலே மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அத்தை, பாருங்க, எவ்வளவு கரிசாலை!” என்றேன். குனிந்து ஒரு இலையைக் கிள்ளினார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். “இத எவன் கரிசாலைன்னு சொல்லிக் குடுத்தான் உனக்கு?”

ஒரு நர்சரியில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டி முப்பது ரூபாய் என்று இரண்டு தொட்டி வாங்கிவந்தேன். வைத்த மூன்றாம் மாதமே மதில் ஓரம் நிறைந்துவிட்டது. கைராசி என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை பொரியல் செய்து வைத்தேன், வீட்டில் யாரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை. எண்ணெய்கூடக் காய்ச்சினேன். அதையெல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை, இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியும்.

நான் வளர்த்தது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு ஊரெல்லாம் பரவிய ஒரு படர்செடி. ஆங்கிலத்தில் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். சிங்கப்பூருக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தம் கிடையாது. தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடெலியா சைனென்சிஸ், வெடெலியா கலெண்டுலேசியா என்று இருக்கும். இரண்டும் ஒரே பேரினம், அக்கா தங்கை மாதிரி. அதனால்தான் ஏமாறுகிறோம். உலகத்தின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் என் முப்பது ரூபாய்ச் செடியும் இருக்கிறது என்று என் மகன் படித்துக் காட்டினான்.

அதனால் எப்படி நடுவது, எப்படிச் சமைப்பது என்பதெல்லாம் பிறகு. முதலில் எது எது என்று பார்த்துவிடுவோம்.

இலைதான் சாட்சி

பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் மஞ்சள், இரண்டும் சின்னச் சூரியகாந்தி மாதிரி. சாமந்தி, சூரியகாந்தி, மூக்குத்திப்பூண்டு எல்லாம் இதே குடும்பம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூக்கூட்டம். நடுவில் பொட்டு மாதிரித் தெரிவதில் குட்டிக் குட்டிக் குழாய்ப்பூக்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ, அதன் நுனியில் கத்தரியால் லேசாக வெட்டிவிட்ட மாதிரி இரண்டு மூன்று பல் இருக்கும். அழகுதான், ஆனால் அதை வைத்து அக்காவையும் தங்கையையும் பிரிக்க முடியாது. சிங்கப்பூர் டெய்சியின் பூ கொஞ்சம் பெரிது, நிறம் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

இலைக்கு வாருங்கள். அசலில் இலை நீளமாக, ஈட்டி மாதிரி, காம்பு என்று தனியாகச் சொல்ல முடியாதபடி தண்டை ஒட்டியே இருக்கும். எதிரெதிராக இரண்டிரண்டு இலை. ஓரம் பெரும்பாலும் நேராக ஓடும். நடுநடுவே ஒன்றிரண்டு மழுங்கிய பல் இருக்கலாம், அவ்வளவுதான். மேலே தடவினால் சொரசொரவென்று இருக்கும், பூனை நாக்கு மாதிரி. அதிலுள்ள ரோமம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

போலியில் இலை தடிமன், பளபளப்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடல் பிரிந்து, நுனியையும் சேர்த்து மூன்று மடலாக நிற்கும். ட்ரைலோபாட்டா என்ற பெயரே மூன்று மடல் என்பதற்குத்தான். ஓரத்தில் பல் எடுப்பாக இருக்கும். வெயிலில் வளர்ந்தால் தண்டு பலசமயம் செம்பு நிறமாகும். ஒரு எச்சரிக்கை: போலியிலும் பூவுக்குப் பக்கத்தில் இருக்கும் இலைகள் மடல் இல்லாமல் அசல் மாதிரியே இருப்பதுண்டு. ஒரே ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்து ஏமாறாதீர்கள். கொடியைத் தூக்கி, அடி முதல் நுனி வரை பத்து இலையாவது பாருங்கள்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியோடு குழப்பம் வராது. அதன் பூ சட்டைப் பொத்தான் அளவு, வெள்ளை. கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும், விரலில் பிடித்த கறுப்பு சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அது பெரும்பாலும் ஒரு பருவம் இருந்து காய்ந்துபோகும். மஞ்சள் அப்படியில்லை, வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்காக இருக்கும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டையும் கரிசாலை என்பார்கள், கையாந்தகரை என்றும் சொல்வார்கள். மஞ்சளுக்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று ஒரு பெயர் உண்டு. தலையில் பொன் வைத்தது! இவ்வளவு நல்ல பெயரை விட்டுவிட்டு நர்சரிக்காரர்கள் ஏன் ‘யெல்லோ கிரவுண்ட் கவர்’ என்று எழுதி வைக்கிறார்களோ.

ஏற்கெனவே போலி இருந்தால்

பிடுங்குங்கள். ஆனால் பிடுங்கி வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியாதீர்கள். அதன் ஒவ்வொரு கணுவிலும் வேர் ஒளிந்திருக்கிறது. விரல் நீளத் துண்டு ஈரத்தில் விழுந்தால் போதும், அங்கே ஒரு புதுக் குடித்தனம். நான் முதல் தடவை அறுத்து மதிலுக்கு அந்தப்பக்கம் போட்டேன். மழை முடிந்தபோது பக்கத்து மனை முழுக்க மஞ்சள். மனைக்காரர் வெளியூர், இன்றுவரை அவருக்கு அது தானாக முளைத்தது என்றுதான் எண்ணம்.

சரியான வழி: மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொட்டால் நெம்பி வேரோடு எடுங்கள். மொட்டைமாடியின் சிமெண்டுத் தரையில் பரப்பி, சித்திரை வெயிலில் மூன்று வாரம் விடுங்கள். முறித்தால் ‘பட்’டென்று உடைய வேண்டும். அப்புறம் எரித்தாலும் சரி, உரக்குழியில் போட்டாலும் சரி. எடுத்த இடத்தை மாதம் ஒருமுறை பார்த்து, தலைநீட்டுவதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இரண்டையும் பக்கம் பக்கமாக வளர்ப்போம் என்ற யோசனையும் வேண்டாம். சீனாவில் இந்த இரண்டும் கலந்து பிறந்த கலப்பினம் ஒன்றைத் தாவரவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அசலை எங்கே தேடுவது

அத்தையின் ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். அந்தப் பகுதியில் வீராணம் ஏரித் தண்ணீர் போகும் வாய்க்கால் கரைகள், வயல் வரப்புகள், குளத்து மேடு என்று ஈரம் நிற்கும் இடமெல்லாம் தேடலாம். கோடையில் கரை காய்ந்தால் இதுவும் சுருண்டு கிடக்கும். மேட்டூர் திறந்து, கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வந்து, வாய்க்காலில் ஓட ஆரம்பித்த பிறகு போனால் கொழுந்தாக நிற்கும். ஆடி, ஆவணி நல்ல சமயம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும்.

எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். அந்த வரப்பில் களைக்கொல்லி அடித்தார்களா என்று வயல்காரரிடம் கேளுங்கள். கேட்காமல் நான் ஒருமுறை எடுத்துவந்த கொடி இரண்டே நாளில் நுனியிலிருந்து வெளுத்துப் போனது. இன்னொன்று, சாக்கடை கலக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். நடுவதற்குத்தானே, கழுவிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

முழுதாகப் பிடுங்கவும் தேவையில்லை. நாலு கொடி போதும், வேரைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். அடுத்து வருபவருக்கும் வேண்டும், கரைக்கும் வேண்டும். மண்ணைப் பிடித்துவைப்பது அதுதான்.

நடவு

விதையை நம்ப வேண்டாம். முளைக்கும் என்று காத்திருந்து காத்திருந்து எனக்குப் பொறுமை போனதுதான் மிச்சம். தண்டு வைப்பதே சுலபம். ரொம்ப இளசும் வேண்டாம், மரத்துப்போன அடித்தண்டும் வேண்டாம். நடுத்தரமான கொடியில் மூன்று நான்கு கணு வருகிற மாதிரி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் இரண்டு கணுவில் இலையை உதிர்த்துவிடுங்கள். நெட்டுக்குத்தாக நட்டால் ஒரு கணுதான் மண்ணுக்குள் போகும். படுக்கப் போட்டு, சாய்வாக, இரண்டு கணு மூடுகிற மாதிரி மண் போட்டு விரலால் அழுத்துங்கள். அத்தை தண்டை முழுக்கப் படுக்கவைத்து நுனியை மட்டும் வெளியே விடுவார். அது இன்னும் நன்றாகப் பிடிக்கிறது.

தொட்டியாக இருந்தால் ஆழம் தேவையில்லை, அகலம்தான் தேவை. நான் வைத்திருப்பது கைப்பிடி உடைந்த துணி ஊறவைக்கும் டப். அடியில் ஆறு ஓட்டை, அதன்மேல் ஓட்டுத்துண்டு. வாய்க்கால் வண்டலோ தோட்டத்து மண்ணோ இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. பச்சைச் சாணி போட்டால் வேர் வெந்துபோகும்.

முதல் பத்து நாள் நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. வாய்க்கால் கரைச் செடிதானே என்று நான் டப்பின் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பார்த்தேன், தண்டு கொழகொழவென்று அழுகிவிட்டது. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். நுனியில் புதிதாக ஒரு ஜோடி இலை விரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு காலை வெயில் படுகிற இடம் போதும். கத்திரி வெயிலில் மட்டும் ஒரு பழைய புடவையைக் கட்டிப் பந்தல் போட்டுவிடுவேன்.

உரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், மாதம் ஒரு கைப்பிடி எரு. மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து தெளித்துவிட்டு, ஒரு வாரம் கீரை பறிக்காமல் இருங்கள். மழைக்காலத்தில் நத்தை வரும். இரவு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நட்டு ஐம்பது நாள் கழித்து முதல் பறிப்பு. நுனியிலிருந்து நாலு விரல் நீளம் கிள்ளுங்கள், அடியில் மூன்று கணுவாவது நிற்கட்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். இருபது இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை கிள்ளலாம். விட்டுவிட்டால் நிறையப் பூக்கும், இலை முற்றிவிடும். ஒரு வருடத்தில் நடுப்பகுதி வெறும் குச்சியாகிவிடும். அப்போது நுனித்தண்டுகளை வெட்டி, மண்ணை மாற்றி, மறுபடி நட்டுவிடுங்கள்.

அடுப்பங்கரையில்

இந்தக் கீரையைக் கழுவுவதுதான் வேலை. இலையின் சொரசொரப்பில் வண்டல் அப்பிக்கொண்டிருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை அமுக்கி அலசி, கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையிலேயே விழும். மூன்று தண்ணீர், அவ்வளவுதான். பிறகு பொடிப்பொடியாக நறுக்குங்கள். பெரிதாக நறுக்கினால் நாக்கில் சொரசொரப்புத் தெரியும், குழந்தைகள் தட்டோரம் ஒதுக்கிவிடும்.

எங்கள் வீட்டில் செய்வது பாசிப்பருப்புக் கூட்டு. அரை ஆழாக்குப் பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, மஞ்சள்தூள் போட்டு, மலர வேகவையுங்கள். குழையக் கூடாது. வாணலியில் எண்ணெய் விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், நசுக்கிய பூண்டு நாலு பல், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கீறிய பச்சை மிளகாய் இரண்டு. வெங்காயம் கண்ணாடியானதும் நறுக்கிய கீரை இரண்டு கைப்பிடி. மூடாமல் வதக்குங்கள், மூடினால் பச்சை நிறம் போய்விடும். சுருண்டதும் பருப்பைச் சேர்த்து, உப்புப் போட்டு, ஒரு கொதி. இறக்கும்போது தேங்காய்த் துருவல். லேசான கசப்பு இருக்கும், இருக்கட்டும். வெல்லம் போட்டு அதை மறைக்க வேண்டாம் என்பது அத்தையின் சட்டம். பகலில் மட்டும் சமைப்போம், ராத்திரி கீரை கிடையாது.

எங்களுக்கு வடலூர் பக்கம். தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போகும்போதெல்லாம் கரிசாலைப் பேச்சு காதில் விழும். வள்ளலார் உயர்வாகச் சொன்ன மூலிகை இது. சன்மார்க்க அன்பர்கள் பலர் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் நான்கையும் சேர்த்துப் பொடித்துக் கொதிக்கவைத்துக் காலையில் குடிப்பார்கள். அத்தைக்கும் அதுதான் காபி. நான் இன்னும் அந்த அளவுக்கு முன்னேறவில்லை.

மஞ்சள் காமாலைக்கு இது மருந்து என்று கேட்டிருப்பீர்கள். சித்த மருத்துவத்தில் ஈரலுக்குச் சொல்லப்படும் மூலிகைதான். ஆனால் கண் மஞ்சளானால் முதலில் ரத்தம் பரிசோதித்து, எதனால் வந்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பித்தப்பைக் கல் அடைத்து வந்த காமாலைக்குப் பச்சிலைச் சாறு குடித்துக்கொண்டு நாளைக் கடத்தினால் ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்களும் ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் சாறாகக் குடிக்க வேண்டாம். கீரையாக வாரம் ஒருநாள் என்பதே எங்கள் கணக்கு.

வேதியியல் படிக்கும் என் மகன் ஒருநாள் ஒரு தகவல் சொன்னான், எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கரிசாலை இரண்டிலும் இருக்கும் ஒரு பொருளுக்கு வெடெலோலாக்டோன் என்று பெயர். 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவரோடு சேர்ந்தவர்களும் மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஆராய்ந்து அந்தப் பொருளின் அமைப்பைச் சொன்னார்கள். அப்போது செடியின் பெயர் வெடெலியா, அதிலிருந்து பொருளுக்குப் பெயர். வெடெலியா என்பதோ 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் கேயார்க் வெடெலின் நினைவாக வைத்தது. செடியின் பெயரைப் பிற்பாடு மாற்றிவிட்டார்கள், பொருளின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. அத்தையிடம் சொன்னேன். “மெரினா பக்கத்துல இருக்குதே அந்தக் காலேஜா?” என்று மட்டும் கேட்டார்.

எண்ணெய்

இதற்காகத்தான் பாதிப்பேர் செடியே வளர்க்கிறீர்கள், தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நரைத்த முடி கறுக்காது. அத்தைக்கு 78 வயது, சிறுவயதிலிருந்து இந்த எண்ணெய்தான், தலை முழுக்க வெள்ளை. அடர்த்தியான, பளபளப்பான வெள்ளை.

அரைக் கிலோ இலை. கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக நிழலில் இரண்டு மணி நேரம். அம்மியிலோ மிக்சியிலோ மிகக் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தால் ஒரு டம்ளருக்குச் சற்று மேலே சாறு வரும். இதற்கு அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய். பாத்திரம் எண்ணெயைப்போல மூன்று மடங்கு கொள்ள வேண்டும். ஏனென்றால் நுரை பொங்கும், பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பிடிக்கும். அடிகனமான இரும்பு வாணலி இருந்தால் நல்லது.

எண்ணெயையும் சாற்றையும் சூடாவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள். காய்ந்த எண்ணெயில் சாறு ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். சின்னத் தீ. முதலில் பச்சை நுரை கட்டி, சடசடவென்று பேசிக்கொண்டே இருக்கும். கிளறிக்கொண்டே இருங்கள், அடியில் கசடு பிடிக்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் சத்தம் குறையும். அப்போதுதான் கவனம் வேண்டும். கரண்டி நுனியில் கசடைக் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து விரலில் உருட்டுங்கள். சேறு மாதிரி விரலில் ஒட்டினால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. மெழுகு மாதிரித் திரண்டு, ஒட்டாமல் திரி போல உருண்டால் பதம். மணல் மாதிரி உதிர்ந்தால் பதம் தாண்டுகிறது, உடனே இறக்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பருத்தித் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, அமைதியாக எரிந்தால் போய்விட்டது.

நான் முதல்முறை அசல் இலையில் காய்ச்சியபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சேறு பதத்திலேயே இறக்கிவிட்டேன். பத்தாம் நாள் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் பூசணம், திறந்தால் புளித்த மோர் வாடை. அரை லிட்டர் செக்கெண்ணெயும் சாக்கடைக்குப் போனது.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே துணியில் வடிகட்டி, வெயிலில் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்கிற அளவுக்குக் காய்ச்ச வேண்டாம். செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம், வெட்டிவேர் என்று பதினாறு சாமானைப் போடும் வழக்கமும் உண்டு. அத்தைக்குப் பிடிக்காது. “எதுல குணம் கெடச்சுதுன்னு எப்படித் தெரியும்?” என்பார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. மிச்சக் கசடைக் குளிப்பதற்கு முன் குதிகால் வெடிப்பில் தேய்த்துக்கொள்வோம்.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். சாமந்திப்பூ கட்டினால் கையில் அரிப்பு வருகிறவர்கள், பார்த்தீனியம் பட்டால் தடிக்கிறவர்கள் இதிலும் ஜாக்கிரதையாக இருங்கள், எல்லாம் ஒரே குடும்பம். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி ஒருநாள் பார்த்துவிட்டு அப்புறம் தலைக்கு வையுங்கள்.

கண்மை பற்றியும் கேட்பீர்கள். சாற்றில் துணியை நனைத்து நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்து உலர்த்தி, திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்துப் புகைக்கரியைச் சேர்ப்பது. அதற்கு வெள்ளைக் கரிசாலையைத்தான் எங்கள் வீட்டில் எடுப்பார்கள். இப்போது யாரும் செய்வதில்லை. குழந்தைகளின் கண்ணுக்கு மை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், நாங்களும் விட்டுவிட்டோம்.

வெளியூருக்குத் தண்டு அனுப்ப வேண்டுமென்றால், காலையில் வெட்டி, இலையைப் பாதிக்கு மேல் கிள்ளிவிட்டு, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆவணியில் அனுப்பினேன். அவர் அசலா போலியா என்று பார்க்காமல் இன்னொரு தோழியிடமும் கொஞ்சம் வாங்கி அதே தொட்டியில் நட்டிருக்கிறார். போன வாரம் முதல் பூவைப் படமெடுத்து அனுப்பி, “அண்ணி, பூத்துடுச்சு!” என்று எழுதியிருந்தார். அத்தை போனைக் கையில் வாங்கி, பூவைப் பார்க்காமல் படத்தைப் பெரிதாக்கிக் கீழே தள்ளிக்கொண்டே போனார்.

“எலைய எடுத்து அனுப்பச் சொல்லு” என்றார்.